மரவள்ளியும் நாமும்

ஒவ்வோராண்டும் முதலாண்டு மாணவர்களுக்குத் தாவரவியல் செய்முறை வகுப்பு தொடங்கும்போது, மேசையின்மீது நான்கு பொருள்களை வைப்பது என் வழக்கம். ஓர் உருளைக்கிழங்கு, ஒரு சேப்பங்கிழங்கு, ஒரு சர்க்கரைவள்ளி, ஒரு முழ நீளமுள்ள மரவள்ளிக்கிழங்கு. “இவற்றுள் வேர் எது? தண்டு எது?” என்று கேட்பேன். மண்ணுக்குள் இருப்பன யாவும் வேர்களே என்று பெரும்பாலோர் கூறுவர். பின் வரிசையிலிருந்து யாரேனும் ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, உருளைக்கிழங்கை நட்டால் முளைக்கும்; குச்சிக்கிழங்கை நட்டால் அழுகிப் போகும்” என்பார். அவர் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்தோ இராசிபுரத்துப் பக்கத்திலிருந்தோ வந்தவராயிருப்பார் என்பதை நான் பெயர்ப் பதிவேட்டைப் பாராமலே சொல்லிவிடுவேன்.

அவர் சொன்னதுதான் சரியான விடை. உருளைக்கிழங்கில் கண்கள் இருக்கின்றன. கண் என்பது மொட்டு. மொட்டு இருக்குமிடம் தண்டு. சேப்பங்கிழங்கில் இலைகள் உதிர்ந்த தழும்புகள் வளையம் வளையமாக இருக்கின்றன; ஆகவே அதுவும் தண்டே. சர்க்கரைவள்ளி வேர்தான், ஆயினும் ஈரம் பட்டால் அதிலிருந்து முளை கிளம்பும் இயல்பு அதற்கு உண்டு. மரவள்ளியோ மாவைச் சேமித்துப் பருத்த வேர். அதில் மொட்டு இல்லை, முளையும் கிளம்பாது. இப்பயிரை வளர்க்க வேண்டுமானால் மண்ணுக்கு மேலே நிற்கும் தண்டைத்தான் வெட்டி நடவேண்டும். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் இதனைக் குச்சிக்கிழங்கு என்று அழைப்பதன் பொருள் இதுவே. ஒரு தாவரவியல் உண்மையைப் பெயரிலேயே பொதிந்து வைத்த உழவர்களை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. மலாய் மொழியிலும் இதற்கு ‘ஊபி காயு’, அதாவது மரக்கிழங்கு, என்றே பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தார் மரச்சீனி என்பர். கேரளத்தார் கப்பா என்பர்.

வேர், தண்டு என்ற இந்த வேறுபாடு தேர்வுத்தாளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டா. இப்பயிரைப் பற்றிய நல்லது, கெட்டது பலவும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

வந்த வழி

மரவள்ளி நம் நாட்டுப் பயிரன்று. ஆமணக்கும் ரப்பரும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்த இச்செடியின் தாயகம் தென் அமெரிக்காவில், அமேசான் காடுகளின் தெற்கு ஓரம். அங்கிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும், பின்னர் 17ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரைக்கும் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் இதனை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா மன்னர்தாம் ஏழை மக்களின் பசியைத் தீர்க்கும் பயிர் இதுவே என்று கண்டு, இதன் சாகுபடியைப் பரப்ப முயன்றவர். மன்னரின் பெயரை நினைவூட்டும் வகையில் ‘ஸ்ரீ விசாகம்’ என்றொரு ரகமே பிற்காலத்தில் வெளியாயிற்று.

மன்னரின் முயற்சியைக் காட்டிலும் போர் இதனைப் பரப்பியது எனலாம். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குச் சென்றதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. திருவிதாங்கூரில் நெல் விளைச்சல் மக்கள்தொகைக்குப் போதாது. அக்காலத்தில் பல்லாயிரம் குடும்பங்களின் உயிரைக் காத்தது கப்பாவே. அதே ஆண்டுகளில் மலேயாவின் தோட்டங்களில் இருந்த நம் தமிழ் மக்களும் மரவள்ளியைத் தின்றே நாளைக் கழித்தனர். அந்நினைவினால் பிற்காலத்தில் அக்கிழங்கைத் தொடவும் மறுத்த முதியவர்கள் அங்கு உண்டு.

போரினால் நின்ற மற்றொரு பொருள் ஜவ்வரிசி. உண்மையான ஜவ்வரிசி மலாய்த் தீவுகளில் வளரும் சேகோப் பனையின் அடிமரத்துச் சோற்றிலிருந்து எடுக்கப்படுவது. இறக்குமதி நின்றுபோன 1943ஆம் ஆண்டையொட்டி, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், மலேயாவின் பினாங்கில் இத்தொழிலைக் கண்டு வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையைக் கையாளத் தொடங்கினர். குடிசைத் தொழிலாகத் தொடங்கிய அது, சேலத்தைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஆலைகளாக வளர்ந்தது. உற்பத்தியாளருக்கென 1981இல் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நோன்புக் காலங்களில் வடநாட்டார் உண்ணும் ‘சாபுதானா’ பெரும்பாலும் நம் ஊர்க் குச்சிக்கிழங்கே என்பது நம்மவர் பலருக்கே தெரியாது.

ஆலையில் நடப்பதைச் சுருங்கக் கூறின்: கிழங்கைக் கழுவித் தோலுரித்து, அரவைப் பொறியில் கூழாக்கி, நீர் விட்டுச் சல்லடைகளில் சலிப்பர். மாவுப்பால் தொட்டிகளில் நின்று தெளியும்போது மாவு அடியில் கட்டியாகப் படியும். அக்கட்டியை உதிர்த்து, தூளியைப்போல் ஆடும் துணித் தொட்டிலில் இட்டுக் குலுக்கினால் மாவு சிறுசிறு மணிகளாகத் திரளும். அவற்றைத் தேங்காய் எண்ணெய் தடவிய சூடான தட்டுகளில் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, களத்தில் காயப்போடுவர். சல்லடையில் தங்கும் நார்ச்சக்கைக்குத் ‘திப்பி’ என்று பெயர். அது காய்ந்து மாட்டுத் தீவனமாகச் செல்லும். மிஞ்சும் கழிவுநீரின் புளித்த நாற்றத்தை ஆலைப் பக்கம் பேருந்தில் சென்றவர் எவரும் மறக்கமாட்டார். அக்கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து அதனையே அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்தும் ஆலைகளும் உண்டு. எல்லா ஆலைகளும் அவ்வாறு செய்யின் ஏரிகள் பிழைக்கும்.

நடவும் வளர்ப்பும்

நடுவதற்கு எட்டு அல்லது பத்து மாதம் முதிர்ந்த செடியின் நடுத்தண்டே ஏற்றது. நுனி இளசு, அது வாடிவிடும். அடி முற்றியது, அது முளைக்கத் தாமதமாகும். 15 முதல் 20 செ.மீ. நீளமும் எட்டுப் பத்துக் கணுக்களும் உடைய கரணைகளாக நறுக்க வேண்டும். வெட்டு சமமாக, தண்டு நசுங்காமல் இருக்க வேண்டும். வெட்டிய முகம் வட்டமாக அமைந்தால் வேர்கள் சுற்றிலும் பரவி இறங்கும். அரிவாளைச் சாய்த்து ஒரே வீச்சாக வெட்டினால் வேர்கள் ஒரு பக்கமே கொத்தாகக் கிளம்பும். கரணையின் மொட்டு மேல்நோக்கி இருக்குமாறு செங்குத்தாக ஊன்றுவது முறை. இதனைத் தலைகீழாக ஊன்றும் பிழை, கூலிக்கு வேகமாக நடும்போது எளிதில் நேர்ந்துவிடுகிறது. தலைகீழான குச்சியும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் கிழங்கு சரியாக வைக்காது. அறுவடை நாளில்தான் அது தெரியவரும்!

இடைவெளி, பக்கக் கிளை விடும் ரகமாயின் 90 செ.மீ., கிளைக்காத ரகமாயின் 75 செ.மீ. முளைத்த தண்டுகளில் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுவர். முதல் மூன்று மாதம் செடிகளுக்கிடையே வெயில் நன்கு விழும். அந்த இடத்தில் நம் மாவட்டங்களில் சின்ன வெங்காயம் போட்டு, மரவள்ளி நிழல் கட்டுவதற்குள் எடுத்துவிடுவது நல்ல வழக்கம். வெங்காய விலை சரியாக இருக்கும் ஆண்டில் மரவள்ளிச் சாகுபடிச் செலவில் பெரும்பகுதி அதிலேயே தேறிவிடும்.

உரத்தைப் பொறுத்தவரை, தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி ஆளுயரம் வளர்ந்து ஊரார் கண்படும், கிழங்கு சிறுத்திருக்கும். இலையில் உண்டான சர்க்கரை வேருக்கு இறங்கி மாவாக வேண்டுமாயின் சாம்பல்சத்து வேண்டும். ஆதலால் பொட்டாஷ் உரத்தைத் தழைச்சத்தைக் காட்டிலும் கூடுதலாக இடவேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். சுண்ணாம்பு மிகுந்த நம் பகுதி மண்ணில் இளந்தளிர்கள் வெளுத்து மஞ்சளாகும் குறை ஒன்று உண்டு. நோய் என்று மருந்துக் கடைக்கு ஓடுபவர் பலர். அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. அன்னபேதி உப்பை நீரில் கரைத்து இலைமீது தெளித்தால் பச்சை திரும்பும்.

வறட்சியை இச்செடி தாங்கும் விதம் சுவையானது. மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியதுமே இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இலைகள் தொங்கி வெயிலுக்கு முகம் காட்டாமல் நிற்கும். வறட்சி நீடித்தால் இலைகளை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக இருக்கும். மழை வந்ததும் வேரில் சேர்த்து வைத்த மாவைச் சர்க்கரையாக்கி மேலே அனுப்பிப் புது இலை விடும். செடிக்கு இது நல்ல ஏற்பாடு. உழவருக்கு? அதைத்தான் இனிச் சொல்ல வருகிறேன்.

பாயிண்டு

சேலம் பகுதியில் ஆலைக்கு விற்கும் கிழங்கின் விலை எடையை மட்டும் கொண்டு அமைவதில்லை. மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்டு’ என்று பார்த்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவர். இதனை அளக்கும் கருவி எளியது. அதன் தத்துவம் நீங்கள் பள்ளியிலேயே படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம். மாவு நீரைவிட அடர்த்தியானது. ஆகவே மாவு மிகுந்த கிழங்கு, நீருக்குள் எடை பார்க்கும்போது கனமாக இருக்கும். எடுத்துக்காட்டாக, காற்றில் 5000 கிராம் உள்ள கிழங்கு நீருக்குள் 500 கிராம் எடை காட்டினால், 5000ஐ 4500ஆல் வகுக்க, அடர்த்தி 1.11 என்று கிடைக்கும். நீருக்குள் 450 கிராம் காட்டினாலோ, அடர்த்தி 1.10க்குச் சற்றே குறையும். இவ்விரண்டுக்கும் இடையே பாயிண்டுகள் இறங்கிவிடும். அதாவது, ஐந்து கிலோ மாதிரியில் ஐம்பது கிராம் வித்தியாசம் ஒரு லாரிச் சுமையின் விலையை மாற்றுகிறது.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் தந்தையாருடன் ஓர் ஆலைக்கு லாரியில் சென்றேன். மூன்று வாரங்களுக்கு முன் அதே காட்டிலிருந்து சென்ற முதல் சுமைக்கு 27 பாயிண்டு வந்திருந்தது. இம்முறை 24 என்றார்கள். எங்கள் தந்தையார் அதிகம் பேசாதவர். அன்று மட்டும், “ஒரே காடு, ஒரே குச்சி, ஒரே உரம், மூன்று பாயிண்டு எங்கே போச்சுங்க?” என்று கேட்டார். விருப்பமில்லையென்றால் சுமையைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்பதே பதில்.

திருப்பிக்கொண்டு எங்கே போவது? இங்குதான் தாவரவியல் குறுக்கிடுகிறது. பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்பு நரம்பு ஓடிக் கெட்டுவிடும். உருளைக்கிழங்கு பல வாரங்கள் கிடங்கில் இருக்கக் காரணம், அது அடுத்த தலைமுறையைச் சுமக்கும் தண்டு; உறங்கி எழுந்து முளைக்க வேண்டிய பொறுப்பு அதற்கு இருக்கிறது. மரவள்ளி வேருக்கு அத்தகைய பொறுப்பு எதுவும் இல்லை. தாய்ச்செடியிலிருந்து பிரிந்ததும் அதன் வேலை முடிந்தது. ஆலை வாசலில் நிற்கும் உழவர் பேரம் பேச முடியாமல் போவதற்கு இதுவே மூலகாரணம். எங்கள் தந்தையார் 24க்கே கொடுத்துவிட்டு வந்தார்.

பல ஆண்டுகள் கழித்து நான் இதனை மீண்டும் எண்ணிப் பார்த்தபோது, அந்த மூன்று வாரத்துக்கிடையே நல்ல மழை பெய்திருந்தது நினைவுக்கு வந்தது. இலை உதிர்த்து நின்ற செடிகள் துளிர்த்திருந்தன. துளிருக்கான மாவு கிழங்கிலிருந்தே போயிருக்க வேண்டும். அதே வேளையில், அன்று அவர்கள் வெறும் கூடையை நீரில் மூழ்கவிட்டு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று காட்டவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. எவ்வளவு மழையால் போயிற்று, எவ்வளவு முள்ளால் போயிற்று என்பதை இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆகவே உழவர் வீட்டு மாணவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு கூடை, ஒரு தொட்டி நீர், ஒரு நல்ல தொங்கு தராசு இருந்தால் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்துவிடலாம். கிழங்கை மண் போகக் கழுவ வேண்டும். பருத்ததும் சிறுத்ததுமாகக் கலந்து எடுக்க வேண்டும். கூடையை நீருக்குள் அசைத்துக் காற்றுக்குமிழிகளைப் போக்க வேண்டும். வாரம் ஒருமுறை இவ்வாறு பார்த்து வந்தால், அடர்த்தி உயர்ந்து நிற்கும் வாரம் எது, மழைக்குப் பின் சரியும் வாரம் எது என்பது லாரிக்குச் சொல்லுமுன்பே தெரியும். மற்றொன்றும் உண்டு. பிடுங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தலைப்பகுதியை வெட்டிவிட்டால் கிழங்கு கெடுவது சற்றுத் தாமதமாகும். ஆனால் வெட்டிய பின் அடித்தண்டு மீண்டும் துளிர்த்தால் மாவு குறையும் என்பதையும் மறக்கலாகாது.

நஞ்சு

மரவள்ளியின் இலையிலும் தோலிலும் கிழங்கிலும் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. அது தனியே இருக்கையில் தீங்கு குறைவு. செல்லின் உள்ளறையில் லினமாரினும், செல் சுவரில் அதனை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. ஆடு கடித்தாலும் நாம் துருவினாலும் செல் உடைந்து இரண்டும் கலக்கும். ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். தன்னைக் கடிப்பவனுக்காகச் செடி வைத்திருக்கும் வெடி எனலாம். எங்கள் பக்கத்து வீட்டார் அறுவடையன்று வரப்பில் போட்டிருந்த கொழுந்துகளை மேய்ந்த இரண்டு வெள்ளாடுகள், மருத்துவரை அழைத்து வருவதற்குள் கால் உதறி மாண்டதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். விரைந்து அழைத்தால் கால்நடை மருத்துவர் ஊசி மருந்தால் காப்பாற்ற முடியும். ஆனால் இதில் நேரம் மிகக் குறைவு.

மனிதர் உண்ணும் முறை எங்ஙனம்? கேரளத்துப் பெண்கள் கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுவர். இதனைச் செய்ய அவர்கள் வேதியியல் படிக்கவில்லை. முழுக் கிழங்கை அப்படியே வேகவைத்தால் நொதி சூட்டில் அழிந்து, லினமாரின் உள்ளேயே தங்கிவிடும். நறுக்கி நீரில் இட்டால் நஞ்சு நீரில் இறங்கும். கூடவே மீன் குழம்பு வைத்துக்கொள்வதிலும் ஒரு பொருத்தம் உண்டு. உடலுக்குள் சென்ற சிறிதளவு சயனைடைத் தீங்கற்ற பொருளாக மாற்றக் கந்தகம் வேண்டும். அதனைத் தருவது புரதம். புரதம் இன்றி, சரியாகப் பதப்படுத்தாத கசப்பு ரகத்தையே வேளைக்கு வேளை தின்ன நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவே சான்று. 1938இல் பெல்ஜியக் காங்கோவில் துரோலி என்னும் மருத்துவர் ‘கொன்சோ’ என்ற முடக்கு நோயை விவரித்தார். ‘கட்டப்பட்ட கால்’ என்பது அச்சொல்லின் பொருள். 1981இல் மொசாம்பிக் நாட்டில், வறட்சியினால் வேறு உணவு இல்லாமற்போன சிற்றூர்களில், பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் ஒரே நாளில் நடை இழந்தனர். அந்நோய்க்கு மருந்து இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் துருவி, சில நாள் புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்து ‘காரி’ என்னும் மாவாக்கி உண்பவர்களுக்கு இத்தொல்லை இல்லை. பசியும் அவசரமும் சேர்ந்தபோதுதான் கொன்சோ வருகிறது.

புதிய ரகங்கள்

1963இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. அங்கிருந்து 1971இல் வெளியான எச்-97, எச்-165, எச்-226 என்னும் கலப்பின ரகங்கள் நம் மாவட்டங்களின் நிலையையே மாற்றின. இவற்றுள் எச்-226, கேரளத்து நாட்டு ரகம் ஒன்றையும், மலேயாவிலிருந்து வந்த, சுவைக்குப் பெயர்பெற்ற எம்-4 ரகத்தையும் சேர்த்து உண்டாக்கியது. ஆலைக்காரர்களுக்கு மாவு மிகுந்த எச்-226 பிடித்தது. விரைவில் வந்துவிடும் எச்-165 தண்ணீர் போதாத உழவர்களுக்குப் பிடித்தது. வேகவைத்துத் தின்னக் குங்குமரோஸ், முள்ளுவாடி போன்ற நம்மூர் ரகங்களைத்தான் இன்றும் தேடுகின்றனர். நம் மாவட்டத்து ஏத்தாப்பூரிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

மரவள்ளியில் கலப்பினம் உண்டாக்குவது எளிது போலத் தோன்றும். ஏனெனில் ஒரே பூங்கொத்தில் பெண்பூக்கள் முதலில் மலர்ந்து முடிந்த பிறகே ஆண்பூக்கள் மலர்கின்றன. தொல்லை எங்கே எனில், விதையிலிருந்து வரும் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒரே காயில் உள்ள மூன்று விதைகளும் மூன்று வகைச் செடிகளாகலாம். அவற்றுள் நல்லதைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆண்டுகள் பல கழியும். ஆனால் ஒன்று கிடைத்துவிட்டால் போதும். குச்சி மூலம் அதனை மாறாமல் இலட்சக்கணக்கில் பெருக்கலாம்.

குச்சியின் நன்மையும் இதுவே, தீமையும் இதுவே. மாறாமல் பெருகுவது ரகம் மட்டுமன்று. குச்சிக்குள் வைரஸ் இருந்தால் அதுவும் பெருகும். மரவள்ளி இலை வெளிர்மஞ்சள் திட்டுகளுடன் சுருங்கிக் கோணலாக இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவே மொசைக் நோய். நம் நாட்டில் இதற்குக் காரணமான வைரஸ்கள் இரண்டு. ஒன்றுக்கு இந்தியாவின் பெயரும் மற்றொன்றுக்கு இலங்கையின் பெயரும் இட்டிருக்கின்றனர். செடிக்குச் செடி பரப்புவது வெள்ளை ஈ. ஊருக்கு ஊர் பரப்புவது நாம். விலைக்கு வாங்கிய கட்டுக் குச்சியில் நோய் சவாரி செய்கிறது. இலங்கைப் பெயருடைய வைரஸ் 2015இல் கம்போடியாவில் காணப்பட்டு, அங்கிருந்து வியட்நாம், தாய்லாந்து வயல்களுக்கும் பரவிற்று. அவ்வளவு தொலைவை ஈ பறந்து கடப்பதில்லை.

இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் முதலில் கிடைத்த கதை நெடியது. 1930களில் இன்றைய தான்சானியாவின் அமானி ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டோரி, நிக்கல்ஸ் ஆகியோர் மரவள்ளியை அதன் உறவுமரமான சியாரா ரப்பருடன் கலந்தனர். பிறந்தவை கிழங்கு வைக்காத முரட்டுச் செடிகள். அவற்றை மீண்டும் மீண்டும் மரவள்ளியுடனேயே கலந்து, கிழங்கும் எதிர்ப்பாற்றலும் ஒருசேர அமைந்தவற்றை எடுத்தனர். அந்தப் பரம்பரை பின்னர் நைஜீரியா சென்றது. அங்கு இபாதானில் உள்ள பன்னாட்டு ஆராய்ச்சி நிலையத்தில், கொரிய நாட்டவரான ஹான் 1971 முதல் அதனை வளர்த்தெடுத்தார். நைஜீரியாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த ஒரு ரகமே பிற்காலத்தில் ‘ஸ்ரீ பத்மநாபா’ என்ற பெயரில் வெளியாயிற்று. மொசைக் இதனை அண்டுவதில்லை. இதற்குப் பின்னர் ‘ஸ்ரீ ரக்ஷா’ போன்ற எதிர்ப்பு ரகங்களும் வந்துள்ளன.

குச்சியில் சவாரி செய்து வந்த மற்றொரு விருந்தாளி மாவுப்பூச்சி. 2020இல் கேரளத்துத் திருச்சூரில் முதன்முதலாகக் காணப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் வயல்களில் நுனிகளைச் சுருட்டி, செடிகளைக் குட்டையாக்கிற்று. மருந்தடித்தும் பயனில்லை, சுருண்ட நுனிக்குள் அது பத்திரமாக இருந்தது. இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் புகுந்தபோது, ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரின் குழுவினர் அதன் தாயகத்துக்கே சென்று எதிரியைத் தேடினர். 1981இல் பராகுவே நாட்டில் மாவுப்பூச்சியோடு அதன் எதிரியும் கிடைத்தது. அனகைரஸ் லோபேசி என்னும், எறும்பைவிடச் சிறிய குளவி அது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு அதனை உள்ளிருந்தே தின்று முடிக்கும். ஆப்பிரிக்காவில் பல கோடி மக்களின் உணவைக் காத்த இப்பணிக்காக ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து 2021இல் பெங்களூருக்குத் தருவித்துப் பெருக்கி, 2022இல் ஏத்தாப்பூரில் வயலில் விட்டனர். குளவி விட்ட காட்டில் கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது குளவியே என்பதை உழவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை இன்னும் முடியவில்லை.

மற்றக் கிழங்குகளைப் பற்றியும் எழுத எண்ணியிருந்தேன், இடம் போதவில்லை. சேனையின் காறல் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களால் வருவது. செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளி குழந்தைகளின் கண்ணுக்கு நல்லது. அதனை ஆப்பிரிக்காவில் பரப்பியவர்களும் 2016இல் உலக உணவுப் பரிசு பெற்றனர். திருநெல்வேலிச் சிறுகிழங்கைப் பொங்கலன்று உண்டவர்க்கு அதன் பெருமையை நான் எழுத வேண்டியதில்லை.

குச்சி தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும் ஒரு சொல். நம்மவர் பலரும் அறுவடையன்றுதான் குச்சி பொறுக்குகின்றனர். அப்போது இலைகள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். மொசைக் இருந்ததா இல்லையா என்பது தெரியாது. செடி மூன்று நான்கு மாத வயதில் தழைத்து நிற்கும்போதே வயலைச் சுற்றி வந்து, இலை தெளிவாக உள்ள செடிகளின் அடித்தண்டில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட வேண்டும். பின்னர் மாதம் ஒருமுறை பார்த்து, நோய் தோன்றியவற்றின் துணியை அவிழ்த்துவிட வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் காட்டில் என் தம்பியும் நானும் நூறு செடிகளுக்குத் துணி கட்டினோம். அறுவடைக்குள் முப்பத்தொரு துணிகளை அவிழ்க்க வேண்டியதாயிற்று. மீதமிருந்த அறுபத்தொன்பது செடிகளின் குச்சிகளைக் கட்டுக்கட்டாகப் புளியமரத்து நிழலில் நிறுத்தி வைத்திருக்கிறோம். தை பிறந்ததும் நட வேண்டும்.